படத்தில் அசையாமல் நின்றவர்கள்

பாப்பா,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. ‘உங்கப்பன் எப்பவும் இப்படித்தான்’ என்று அத்தை இதற்குள் நான்கு முறையாவது சொல்லியிருப்பாள். சொல்லட்டும், அவள் சொல்வதில் தப்பில்லை. நீ கேட்டது ஒரே ஒரு பொருள். மாப்பிள்ளை வீட்டார் அம்மாவின் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்கிறார்கள், வரவேற்பு மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைப்பார்களாம், ‘உங்களிடம் எத்தனையோ இருக்கும், நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புங்கள் அப்பா’ என்று எழுதியிருந்தாய். ‘எத்தனையோ இருக்கும்’ என்ற இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்ப வந்து மீதியைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

போட்டோக்காரன் வீட்டில் பெண்டாட்டியின் படம் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? இல்லை, பாப்பா. எங்கள் கல்யாணத்தன்று எடுத்த படம் அத்தை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறதே, அதை நீ ஆயிரம் தடவை பார்த்திருப்பாய். அதில் அறுபது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் மிளகு அளவு. உன் அம்மா நடுவில் முக்காடு போட்டுக் குனிந்து நிற்கிறாள். படம் எடுத்தவர் ‘நிமிருங்கம்மா, நிமிருங்கம்மா’ என்று கத்தக் கத்த அவள் இன்னும் குனிந்தாள். கடைசியில் விழுந்தது முக்காடு மட்டும்தான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவள் என்னோடு தாம்பரத்தில் இந்த வீட்டில் இருந்தாள். ஒரு நாள் சாவகாசமாக உட்காரவைத்து எடுக்கலாம் என்று இருந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனியின் ஃபிலிமை வீட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வேறு. அவ்வளவு யோக்கியன் நான்.

படமே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. ஒரே ஒரு தடவை உன் அம்மா முகம் என் கேமராவில் விழுந்தது. அதை அழித்தவனும் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தையும் மாமாவும் பக்கத்தில் இருந்தால் உரக்கவே படி. ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய மானம் எதுவும் எனக்கு மிச்சமில்லை.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் ‘போட்டோ ஸ்டுடியோ’ என்று நீ சொல்வதாக அத்தை சொன்னாள். ஸ்டுடியோ இல்லை. நான் மனிதர்களை எடுத்ததே கிடையாது. கட்டடங்களைத்தான் எடுத்தேன். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தப் புதுக் கட்டடம் எழுந்தாலும், கட்டியவர்கள் அதைப் படம் எடுத்துப் புத்தகத்தில் போடுவார்கள், சுவரில் மாட்டுவார்கள், அடுத்த வேலை கேட்கப் போகும்போது கொண்டு போவார்கள். அந்தப் படங்கள் என் வேலை. எங்களுக்கு நிறைய வேலை கொடுத்த எஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணாடியின் மேல்வழியாகப் பார்த்து, ‘மிஸ்டர், எனக்கு பில்டிங்தான் வேணும். மனுஷன் தெரிஞ்சா அது கல்யாண போட்டோ’ என்பார். கட்டடத்தில் மனிதர்கள் குடியிருக்கலாம், படத்தில் மட்டும் இருக்கக் கூடாது. அது அவர் சட்டம், சீக்கிரமே என் சட்டமும் ஆகிவிட்டது.

அதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி சுலபம். லென்ஸில் கறுத்த ஃபில்டர் ஒன்றைப் போட்டு, முப்பது நாற்பது விநாடி திறந்தே வைத்திருப்பேன். அந்த நேரத்தில் குறுக்கே நடக்கிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். சைக்கிளில் போகிறவன், கூடையோடு போகிற கீரைக்காரி, ஓடுகிற நாய், எவரும் விழுவதில்லை. நடக்கிறவன் தப்பித்துவிடுவான், நிற்கிறவன்தான் மாட்டிக்கொள்வான். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டாவது வழி. கழுவிய ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கையால் அழிப்பது. ஃபிலிமில் எல்லாம் தலைகீழ், பாப்பா. வெள்ளைச் சுவர் அதில் கறுப்பாக இருக்கும். அந்தச் சுவருக்கு முன்னால் கறுப்பு உடையில் ஒருவன் நின்றால், அவன் வெறும் கண்ணாடி போலத் தெரிவான். மெல்லிய பிரஷ்ஷால் சிவப்புச் சாயம் தொட்டு அவனை நிரப்பினால் போதும், சுவர் அவனை மூடிக்கொள்ளும். அந்தச் சாயம் தண்ணீரில் கரையும். ஆனால் இருட்டு வாசலுக்கு முன்னால் வெள்ளை உடுத்தி ஒருவன் நின்றால், அவன் ஃபிலிமில் கறுப்புத் திட்டு. அவனைச் சாயத்தால் மூட முடியாது. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சாயம் போட்டது திரும்பி வரும், சுரண்டியது வராது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

குரோம்பேட்டையில் ஒரு பெரிய குடோனை எடுக்கப் போனபோது அங்கே கோவிந்தன் என்று ஒரு வாட்ச்மேன் இருந்தான். நான் கேமராவை நிறுத்தும்போதே வந்து, ‘இன்னா சார், நானும் உள்ள வுழுவனா?’ என்று கேட்டான். வேலை மும்முரத்தில் ‘விழுவே, விழுவே’ என்றேன். அவன் ஓடிப்போய்க் குழாயில் முகம் கழுவி, மீசையை நீவி, கேட்டுக்குப் பக்கத்தில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றான். நாற்பது விநாடியும் கல்லாக நின்றான். மறுநாள் காலை அவனை ஐந்து நிமிஷத்தில் சாயம் போட்டு முடித்தேன். ஒரு மாதம் கழித்துப் படத்தைக் கண்ணாடி போட்டு அந்த ஆபீசில் மாட்டியிருந்தார்கள். நான் வேறு வேலையாகப் போனவன், அவன் கண்ணில் பட்டுத் தொலைத்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ‘சார், கேட்டு கீது, பூந்தொட்டி கீது. நான் எங்க சார்? அங்கதான நின்னுகினு இருந்தேன்?’ என்றான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ‘நீ அசைஞ்சிட்டே கோவிந்தா. அதான் விழல’ என்றேன். அவன் யோசித்தான். ‘மூச்சுகூட வுடலியே சார்… கால்ல கொசு ஒண்ணு கடிச்சிது. அப்ப ஆடிக்கினேனோ இன்னாவோ. வூட்ல எல்லார் கைலயும் சொல்லி வெச்சிக்கினேன் சார்’ என்று படத்தைத் தொட்டுப் பார்த்தான். தப்பு தன்னுடையது என்றே நம்பிவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. ஒரு வாட்ச்மேன் ஆடி அசைந்து என் படத்தையே கெடுக்கப் பார்த்தான் என்று அவனைக் கோமாளியாக்கிச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள், சிரிக்கவில்லை. ‘அசைஞ்சா படம் கெட்டுப்போயிடுமா?’ என்றாள். ‘பின்னே? லென்ஸ் திறந்திருக்கும்போது எதிரில் இருக்கிறவன் அசையவே கூடாது’ என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் அதை மனசில் போட்டு வைத்துக்கொண்டாள். நான் சொல்வதையெல்லாம் அவள் போட்டு வைத்துக்கொள்வாள்.

உனக்கு மூன்று வயது. குரோம்பேட்டைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்காக விடுதி ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். மூன்று மாடி, புது வெள்ளை, முன்வாசலுக்குக் கதவு மாட்டாததால் வாசல் மட்டும் கிணறு மாதிரி இருட்டு. திறப்பு விழா மலருக்குப் படம் மறுநாள் மத்தியானத்துக்குள் வேண்டும் என்று எஞ்சினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் காலையிலிருந்து வெயிலுக்காகக் காத்திருந்தேன், வானம் மூடிக்கொண்டே இருந்தது. ஒரு ஃபிலிமை ஓர் ஆடு கெடுத்தது. நடுவாசலில் வந்து நின்று அசை போட்டது. இன்னொன்றைக் காற்று கெடுத்தது. கையில் மிச்சம் ஒன்றே ஒன்று. மணி மூன்று இருக்கும். பல்லாவரத்துத் தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை தூக்கலாக வந்தது, மழை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இனி வெயில் வராது என்று லென்ஸைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

முப்பது வந்ததும் நிமிர்ந்தேன். வாசலோரம் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் நான் சாப்பிட வரவில்லை என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி வந்திருக்கிறாள். பின்பக்கமாக நுழைந்து, கட்டடத்துக்குள்ளேயே நடந்து முன்வாசலில் வெளிப்பட்டால், எதிரே நான், கையில் கடிகாரம், கேமரா திறந்து இருக்கிறது. நான் எண்ணத் தொடங்கிய உடனே வந்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டாள். அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று நான்தானே சொல்லிவைத்தேன்? இரண்டு எட்டு நடந்து அந்தப் பக்கம் போயிருந்தால் அவள் படத்தில் விழுந்தே இருக்கமாட்டாள். என் படம் கெடக் கூடாதே என்று நின்றாள். கேரியரைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றாள், அதுவும் தெரியக் கூடாதாம். நீ இருட்டு வாசலுக்கு நேராக நின்றாய். ஈஸ்டருக்கு அவள் தைத்த வெள்ளைக் கவுன். அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்றதும் நீதான் அழுது அடம்பிடித்து அதைப் போட்டுக்கொண்டாயாம். அவள் வெள்ளைச் சுவருக்கு நேராக, கத்தரிப்பூ நிறப் புடவையில், ஒரு கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து உன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுக் குழந்தை நீ, நாற்பது முடிகிற வரை அசையவில்லை. ‘அசையாம நின்னா அப்பா உன்னைத் தூக்கிப்பாங்க’ என்று சொன்னாளாம். பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

நான் உன்னைத் தூக்கவில்லை. லென்ஸை மூடிவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, ‘யார் உன்னை இங்கே வரச் சொன்னது?’ அடுத்த நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் அந்த இருட்டு வாசலுக்குள் நின்று சாப்பாட்டைப் பிரித்தோம். அவள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டேன். நீ என் கால்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய். எதற்கு இழுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபிலிமை எடுத்தேன். எஞ்சினியருக்கு மத்தியானம் படம் போக வேண்டும். அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ‘நாங்களா இது?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘பாப்பா நல்லா நின்னிருக்கா பாருங்களேன். நானும் குனியல, சைடுல அழகாத்தான் இருக்கேன்’ என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நான் சாயத்தைக் குழைப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ‘எடுத்துடுவீங்களா?’ என்றாள். எஞ்சினியர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றேன். அவள் திடீரென்று, ‘அப்போ அந்த வாட்ச்மேனும் அசையலையா?’ என்றாள். நான் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தேன்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். பதினெட்டு வருஷமாக என் காதில் இருப்பது அந்த ஒரு வரிதான். ‘அழிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்களேன்.’ அரைமணி நேர வேலை, பாப்பா. பின் அறையில் மருந்து கரைத்து வைத்திருந்தேன். காகிதமும் இருந்தது. ‘நேரமில்லை எஸ்தர். இன்னொரு நாள் உன்னை நல்லா உட்காரவெச்சு எடுக்கிறேன்’ என்றேன். அவள் ‘சரி’ என்றாள். எந்த நாள் என்று கேட்கவில்லை. நான் அவளுக்குச் சாயம் போட்டு முடித்து, உன்னை எடுக்கப் பிளேடைக் கையில் எடுத்தபோது, உன் கன்னத்தை மூடிக்கொண்டு, ‘பாத்துங்க, பாப்பாவுக்கு வலிக்கப் போகுது’ என்றாள். கேலிதான் செய்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கேலி செய்வாள், அதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். படம் மத்தியானம் போய்ச் சேர்ந்தது. எஞ்சினியர் ‘பர்ஃபெக்ட், மிஸ்டர்’ என்றார்.

உனக்கு ஐந்து வயதாகும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம்தான். அந்த ‘இன்னொரு நாள்’ வரவே இல்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு நீ வீட்டுக்குள் இங்கேயும் அங்கேயும் போய்வந்துகொண்டிருந்தாய், எனக்கு உன்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அத்தை பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது, ‘இவளையும் கூட்டிக்கொண்டு போ, ஒரு வருஷம் போகட்டும்’ என்றேன். எழும்பூரில் ரயில் கிளம்பும்போது நீ ஜன்னலில் இருந்தாய். நான் கை ஆட்டினேன். ஒரு வருஷம் பதினாறு வருஷம் ஆனது. உன் படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். படிப்புக்காக இல்லை. வீட்டில் யாரும் இல்லாமல் இருந்தால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆள் இல்லாத இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒரு வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. சாயங்கால ரயிலில் வந்து இறங்குவேன். மேற்குத் தாம்பரம் முழுக்க சமையல் மணக்கும். பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் காலையில் நான் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்தத் தம்ளரை யாராவது நகர்த்தியிருக்கக் கூடாதா என்று இருக்கும்.

உன் பன்னிரண்டாவது வயசில் பெரிய விடுமுறைக்கு இங்கே வந்திருந்தாய். ‘அப்பா, அம்மா எப்படி இருப்பாங்க? எனக்கு முகம் ஞாபகமே இல்ல’ என்றாய். ‘உன்னை மாதிரிதான்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அதன்பிறகு நீ கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். அதுவும் பொய்தான், பாப்பா. நீ அவளை மாதிரி இல்லை. மூக்கும் நெற்றியும் என்னுடையவை, பாவம் நீ. கண்ணாடியில் அவளைத் தேடிக்கொண்டிருந்தாயே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இப்போது நீ கேட்பாய்: சாயம் தண்ணீரில் கரையும் என்றால், இத்தனை வருஷம் ஏன் கழுவிப் பார்க்கவில்லை? ஃபிலிம் என்னிடம்தான் இருந்தது. அவள் போன அடுத்த மாதமே எஞ்சினியரிடம் கேட்டு வாங்கி, டிரங்குப் பெட்டியில் அவள் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். சாயத்தை ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தில் போடுவதுதான் முறை. அன்றைய அவசரத்தில் படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கத்திலேயே போட்டிருந்தேன். தண்ணீர் பட்டால் சாயத்தோடு மருந்தும் சேர்ந்து உரிந்து வரலாம். ஒரு தடவைதான் முயற்சி செய்ய முடியும். உரிந்துவிட்டால் அவள் அதோடு போய்விட்டாள். கழுவாமல் வைத்திருக்கும் வரை சாயத்துக்கு அடியில் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். பயந்தாங்கொள்ளியின் கணக்கு இது. நீ பன்னிரண்டு வயதில் கேட்டபோதே கழுவியிருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த பத்தாம் நாள், அதாவது நேற்று, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பாட்டரிக் கடையில் போய், பாட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்தேன். பீங்கான் தட்டில் ஊற்றி ஃபிலிமை இறக்கினேன். பிரஷ்ஷால் தொடாமல் தட்டை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் லேசாகச் சிவந்தது. புடவைத் தலைப்பு முதலில் வந்தது. தோள் வந்தது. காதோரம் மருந்து ஓர் இடத்தில் கொப்பளித்தது, நான் ஆட்டுவதை நிறுத்திவிட்டு ஜெபம் செய்தேன். வேறு என்ன செய்வது? கொப்பளம் தானாகவே அமுங்கியது. கடைசியாக முகம் வந்தது. ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்து நான் ‘எஸ்தர்’ என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா ‘என்ன சார், கூப்பிட்டீங்களா?’ என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். அழுதேன், பாப்பா. அதையும் எழுதிவிடுகிறேன்.

படத்தை இன்றைக்குப் பெரிதாகப் போட்டு, இந்தக் கடிதத்தோடு அட்டை வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்குமுன் இதைப் படித்துவிடு. உன் அம்மா ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறாள். நெற்றியில் முடி கொஞ்சம் கலைந்திருக்கிறது, ரயில் காற்றாக இருக்கும். ஏதோ சொல்ல வாய் சற்றே திறந்திருக்கிறது. என்ன சொல்கிறாள் என்பது இப்போது உனக்குத் தெரியும். அவள் கை கீழே நீண்டு வளையல் வரை வந்திருக்கிறது. அதற்குமேல் இல்லை. விரல்கள் உன் விரல்களோடு பின்னியிருந்தன. உன்னைச் சுரண்டும்போது அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டேன். நீ நின்ற இடத்தில் வாசல் இருட்டுத்தான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பிளேடு போன கோடுகள் தெரியும்.

நான் அழிப்பவன் மட்டும் அல்ல, வரையவும் தெரிந்தவன். உன்னைத் திரும்ப வரைந்து சேர்க்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். கவுன் கையின் சுருக்கங்கள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் இருந்தன, ஒவ்வொன்றாகச் சுரண்டியவன் ஆயிற்றே. முகத்துக்கு வந்தேன். மூன்று வயதில் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ரயில் ஜன்னலில் இருந்த ஐந்து வயது முகம் வருகிறது, அதற்கு முன்னால் போக முடியவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். தெரியாத முகத்தை வரைந்து உனக்கு அனுப்பினால் அது இன்னொரு பொய் ஆகும்.

அப்பன் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் மகளுக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்காது. உன் வீட்டுக்காரர் ‘இன்னொரு நாள்’ என்று சொன்னால், எந்த நாள் என்று கேட்டு வாங்கிக்கொள். விட்டுக்கொடுத்துவிட்டுக் கேலி பேசாதே, சில மடையர்களுக்குக் கேலி புரியாது. உனக்கு யாராவது சோறு கொண்டுவந்தால், முதலில் ‘வந்தாயா’ என்று சொல், வேலை எங்கேயும் ஓடிப்போகாது. வீட்டை ரொம்ப ஒழுங்காக வைத்துக்கொள்ளாதே. இவ்வளவுதான் என் சரக்கு.

ஆலயத்துக்குள் உன்னைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வருவது மாமாதான் என்று கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். ஏன் சின்ன எழுத்து? அதுதான் நியாயம். உன்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். நான் முன்னாலேயே வந்து எந்த பெஞ்சில் உட்காரச் சொல்கிறீர்களோ அதில் உட்கார்ந்துகொள்கிறேன். வெள்ளைச் சேலையில் நீ நடந்து போவதைப் பார்க்க வேண்டும், அது போதும்.

ஒரு விஷயம் மட்டும். படத்தை மேஜையில் வைக்கும்போது விளிம்பை வெட்டாதே. மாப்பிள்ளை வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு, முகத்தை மட்டும் தனியாக எடுத்துச் சட்டம் போடலாமே, அந்தக் கை என்னவோ மாதிரி இருக்கிறதே என்று சொல்வார்கள். வேண்டாம். கையோடுதான் அவள் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ‘எஸ்தர், மகளோடு’ என்று எழுதியிருக்கிறேன். வழக்கமாக நாங்கள் பென்சிலால்தான் எழுதுவோம், இதை மையால் எழுதினேன். மகள் எங்கே, காணோமே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று நீ திண்டாடுவாய். உங்கப்பன் சுரண்டிவிட்டான் என்றே சொல், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை அசைந்துவிட்டது, அதனால்தான் விழவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.

நீ அசையவே இல்லை, பாப்பா.

அப்பா